புழல் சிறைக் கைதியைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு ஏன் அனுப்புகிறார்கள்?

கைதிக்கு மனநோய் முற்றினால், காவலை விடாமலே சிகிச்சை தரும் ஏற்பாடு இது. வாசலில் போலீஸ், வார்டுக்குப் பூட்டு. உள்ளே டாக்டர், நர்ஸ், மாத்திரை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது.

தன்மேல் என்ன குற்றச்சாட்டு, எந்த வக்கீல் தனக்காகப் பேசுகிறார் என்றே புரியாதவரை விசாரித்தால் அது விசாரணையே அல்ல. அதனால் நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைக்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மாதிரி: கேட் மூடினால் வண்டி நிற்கும், பாதை போய்விடாது. ஆள் தேறியதும் வழக்கு தொடரும்.

வார்டில் நர்ஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகர மாட்டார். தண்ணீர் குடித்ததும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் பெரிய சிக்கல், சிறைக்குத் திரும்பிய பிறகுதான். டிஸ்சார்ஜ் சீட்டு கைதியோடு போகாமல் மாத்திரை சில வாரம் விட்டுப்போனால் தூக்கம் கெடும், காதில் குரல்கள் மறுபடி கேட்கும், வழக்கும் மறுபடி நிற்கும். குடும்பத்தார் தயவுசெய்து அந்தச் சீட்டின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்; மனு போட்டுப் பார்க்கப் போகும்போது சிறை மருத்துவரிடம் சேர்க்கக் கேளுங்கள்.

‘பைத்தியம்னு சொன்னா தப்பிச்சிடலாம்’ என்பது தவறு: குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு குற்றம் நடந்த நேரத்து மனநிலையைத்தான் பார்க்கிறது, அதில் விடுதலையானவரையும் பாதுகாப்பில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.