பிரசவத்துக்குப் பிறகு தைக்க முடியவில்லை, மெஷினை விற்கலாமா?

விற்காதீர்கள். முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பாருங்கள். பிரசவமாகி நான்கு மாதம், அரை மணி நேரம் மிதித்தாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, வந்த பிளவுஸ் எல்லாம் திரும்பிப் போகிறது, வீட்டில் சோம்பேறித்தனம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறித்தனம் இல்லவே இல்லை. பெரும்பாலும் ரத்தசோகையாக இருக்கும், அதுவும் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தால்.

1. உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகவே பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே என்றால் கடுமையானது, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

2. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும். நிறைய பேர் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், நீங்களும் நிறுத்தியிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். டீ, காபியோடு போட்டால் சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

அப்புறம், நீங்கள் கேட்டிருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக் கடன். மெஷின் போனால் உங்கள் கையில் வரும் காசு நின்றுவிடும், தவணை நிற்காது. ரிப்போர்ட்டைக் குழுத் தலைவியிடம் காட்டி அவகாசம் கேளுங்கள், அதுவரை ஹெம்மிங், ஹூக் வைப்பது மாதிரி கைவேலை மட்டும் எடுங்கள், வாடிக்கையும் விட்டுப்போகாது.

இன்னொன்று, ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அந்தக் கோளாறும் வரும். படுத்தாலே மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ, ரத்தப்போக்கு அதிகமானாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.