எனக்குக் குளிர்கிறது: ரஷ்ய, பாரசீகப் பயனிலைச் சொற்கள் (கேள்வி பதில்)

கேள்வி: ரஷ்யத்தில் பயனிலைச் சொல் (வினை இல்லாமல் தானே தொடரின் பயனிலையாக நிற்கும் சொல்) தனிச் சொல்வகையா?

பதில்: அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 1928இல் ரஷ்ய மொழியியலாளர் லெவ் ஷேர்பா இத்தகைய சொற்களை 'நிலை வகை' என்று பிரித்தார். வினையடைதான் என்று சாதிப்பவர்களும் உண்டு. எனக்கு ஷேர்பா சொன்னதே சரியாகப் படுகிறது. 'ம்னே ஹோலத்னா' (எனக்குக் குளிர்கிறது) என்ற தொடரில் 'ஹோலத்னா' எந்த வினைக்கும் அடையாக நிற்கவில்லை, அதுவே பயனிலை. இறந்தகாலம் வேண்டுமென்றால் 'பில' என்ற துணைச்சொல் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: நான் 'யா ஹலோத்னி' என்றதும் ரஷ்யத் தோழி சிரித்துவிட்டாள். ஏன்?

பதில்: 'நான் குளிர்ந்தவன்' என்று சொல்லியிருக்கிறீர்கள்! பாரசீகத்தில் 'மன் சர்த் ஹஸ்தம்' என்றாலும் இதே வம்புதான். உணர்ச்சியற்றவர் என்று பொருளாகும். அங்கே 'சர்தம் அஸ்த்' என்று சொல்ல வேண்டும். ரஷ்யம் தமிழைப் போல ஆளை நான்காம் வேற்றுமையில் வைக்கிறது. பாரசீகமோ ஆளைக் குறிக்கும் விகுதியைச் சொல்லோடு ஒட்டிவிடுகிறது.

கேள்வி: 'சர்தம்' போலவே பாரசீக 'கொரோஸ்னே-அம்' (எனக்குப் பசிக்கிறது) என்பதிலும் 'அம்' வருகிறதே, இரண்டும் ஒன்றா?

பதில்: நல்ல கேள்வி. படர்க்கைக்கு மாற்றிப் பாருங்கள். 'அவனுக்குக் குளிர்கிறது' என்பது 'சர்தஷ் அஸ்த்'. 'அவனுக்குப் பசிக்கிறது' என்பது எழுத்து வழக்கில் 'கொரோஸ்னே அஸ்த்'. 'அஷ்' காணாமல் போய்விடுகிறது. ஆக, முதல் 'அம்' உடைமை விகுதி, இரண்டாவது 'இருக்கிறேன்' என்பதன் சுருக்கம். தெஹ்ரான் பேச்சு வழக்கில் மட்டும் பசியும் 'கோஷ்னமே' என்று குளிரின் வழிக்கே போய்விடுகிறது.

கேள்வி: ரஷ்யத்தில் 'நெல்ஸ்யா' என்றால் 'கூடாது'தானே?

பதில்: பாதி சரி. பின்னால் வரும் வினையைப் பொறுத்தது. 'நெல்ஸ்யா வ்ஹதீத்' என்றால் உள்ளே வரக் கூடாது, தடை. 'நெல்ஸ்யா வய்தீ' என்றால் உள்ளே வர முடியாது, கதவு பூட்டியிருக்கிறது. 'வ்ஹதீத்' முற்றுப்பெறா வினை, 'வய்தீ' முற்றுப்பெற்ற வினை என்ற வேறுபாடுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. பாரசீகத்தின் 'நெமீஷவத்' இரண்டு வேலையையும் ஒரே வடிவில் செய்துவிடும். சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: ரஷ்ய 'நாத'வும் பாரசீக 'பாயத்'தும் (இரண்டும் 'வேண்டும்') ஒன்றா?

பதில்: பொருளில் நெருக்கம், கட்டமைப்பில் தூரம். 'ம்னே நாத இத்தீ' (நான் போக வேண்டும்) என்பதில் 'இத்தீ' யாருக்கும் மாறாது. ஆள் 'ம்னே'யில் இருக்கிறது. பாரசீகத்தில் 'பாயத்' மாறாது, வினை மாறும்: 'பாயத் பெரவம்' (நான் போக வேண்டும்), 'பாயத் பெரவீ' (நீ போக வேண்டும்). காலமும் அப்படியே. 'போயிருக்க வேண்டும், போகவில்லை' என்பதற்கு 'பாயத் மீரஃப்தம்' என்று வினையை மாற்றுவார்கள். ரஷ்யர் 'நாத பில இத்தீ' என்று துணைச்சொல்லைச் செருகுவார்கள்.