பதினொரு வயதில் முதல் வேலி: ஃபாஹீன் என்ற குதிரையைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

அயர்லாந்தில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் 12 ஆண்டுகளாகக் காலைப் பயிற்சிச் சவாரி செய்து வருகிறேன். ஹர்டில் பந்தயத்தில் சாம்பியனாக விளங்கி, மற்றக் குதிரைகள் ஓய்வு பெறும் வயதில் ஸ்டீப்பிள்சேஸுக்கு மாறிய ஃபாஹீனைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அவன் நான் வேலை பார்க்கும் லாயத்துக் குதிரை அல்லன். ஆனாலும் அவன் ஓட்டங்களை ஒன்று விடாமல் பார்த்து வந்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். குதிரையை 'அது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. லாயத்தில் நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை.

ஐயா, இரண்டுமே தாண்டி ஓடுவதுதானே? ஹர்டிலுக்கும் ஸ்டீப்பிள்சேஸுக்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு? (கோவையிலிருந்து ஒரு மாணவி)

ஹர்டில் என்பது மரச்சட்டத்தில் சுள்ளிகளைப் பின்னி, கால்களைத் தரையில் அடித்து, சற்றுச் சாய்வாக நிறுத்திய தட்டி. அதன் உயரம் சுமார் மூன்றரை அடி. குதிரையின் கால் பட்டால் அது வளைந்து கொடுக்கும், பலமாக இடித்தால் படுத்துவிடும். ஸ்டீப்பிள்சேஸில் நிற்பது வேலி. பிர்ச் மரச் சுள்ளிகளை நெருக்கமாகத் திணித்துக் கட்டிய அதன் உயரம் குறைந்தது நான்கரை அடி; சில வேலிகளின் முன்னால் பள்ளமும் வெட்டியிருப்பார்கள். மேல்நுனியிலுள்ள சுள்ளிகள் கொஞ்சம் விலகிக் கொடுக்குமே தவிர, கீழ்ப்பகுதி சுவர் மாதிரிதான்.

ஆகவே ஹர்டிலில் வெற்றி பெறுபவன் தாண்டுகிறவன் அல்லன், பாய்ச்சலின் வேகம் குறையாமல் தட்டியை உரசியபடி தாழப் பறக்கிறவன். வேலியில் அதே பழக்கத்தோடு போனால் மார்பு மோதும், தலைகுப்புற விழ நேரும். வேலிக்கு முன்னால் ஒரு கணம் பின்னங்கால்களில் எடையை வாங்கிக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து, இறங்கும்போது முன்கால்களை நீட்டிச் சமன் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒரு கையெழுத்தில் எழுதிப் பழகியவரை வேறொரு கையெழுத்துக்கு மாறச் சொல்வதைப் போன்றது இது.

ஸ்டீப்பிள்சேஸ் என்ற பெயர் எப்படி வந்தது?

ஸ்டீப்பிள் என்றால் தேவாலயத்தின் கூர்கோபுரம். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 1752இல் இரண்டு பேர், பட்டவண்ட் ஊர்த் தேவாலயத்திலிருந்து டோனரைல் ஊர்த் தேவாலயம் வரை, கோபுரத்தைக் குறியாக வைத்து, நடுவிலிருந்த வேலி, வாய்க்கால், மதில் அனைத்தையும் தாண்டிப் பந்தயம் ஓடினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

ஃபாஹீன் அவ்வளவு பெரிய குதிரையா? நான் பெயரே கேள்விப்பட்டதில்லை. (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

2008இல் பிறந்த அயர்லாந்துக் குதிரை. வில்லி மல்லின்ஸ் அவனுடைய பயிற்சியாளர். ரசிகர்கள் அவனை 'இயந்திரம்' என்றே அழைத்தார்கள். 2014இல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹம் திடலில் நடக்கும் பெரிய பந்தயத் திருவிழாவில் புதியவர்களுக்கான ஹர்டில் பந்தயத்தில் வென்று, மறு ஆண்டு அதே திடலில், ரூபி வால்ஷ் சவாரியில், ஹர்டில் குதிரைகளுக்கு உச்சமான சாம்பியன் ஹர்டிலை வென்றான். 2016 ஜனவரியில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுன் திடலில் ஐரிஷ் சாம்பியன் ஹர்டிலை 15 குதிரை நீள இடைவெளியில் வென்றபோது, அவனுக்கு இணை எங்கும் இல்லை என்று பலரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதன்பின் காலில் காயம். செல்ட்டன்ஹம் பட்டத்தைக் காக்க அவனால் போக முடியவில்லை. அதே லாயத்தைச் சேர்ந்த ஆனி பவர் என்ற பெண் குதிரை போய் வென்று வந்தாள். ஏறக்குறைய 22 மாதங்கள் அவன் பந்தயத்திடலை மிதிக்கவே இல்லை. 2017 நவம்பரில் அயர்லாந்தின் பஞ்ச்ஸ்டவுன் திடலில் திரும்பி வந்த அன்றே 16 நீளத்தில் வென்றான். ஆனால் அடுத்த மாதமே பாதி ஓட்டத்தில் நிறுத்தப்பட்டான். அதற்குப் பிறகு ஒரு நாள் பழைய ஃபாஹீன் வருவான், இன்னொரு நாள் வரமாட்டான். 2018 ஏப்ரலில் மூன்று மைல் ஹர்டிலில் எல்லாரையும் உதறிவிட்டு வந்தது அந்த நல்ல நாட்களில் ஒன்று.

இவ்வளவு திறமையானவனை ஏன் 11 வயது வரை வேலிக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள்? முன்பே மாற்றியிருக்கலாமே? (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்)

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இது. ஹர்டிலில் முதலிடத்தில் இருக்கும் குதிரையை அங்கிருந்து எடுத்து, விழும் வாய்ப்பு கூடுதலான வேலிக்கு அனுப்ப எந்த உரிமையாளருக்கும் மனம் வராது. வென்றுகொண்டிருக்கும்வரை மாற்றக் காரணம் இல்லை. வெல்வது நின்ற பிறகு மாற்றத் துணிச்சல் இல்லை. நடுவே காயம் தின்ற காலம் வேறு.

ஆனால் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. ஃபாஹீன் முறையான பந்தயங்களுக்கு வருவதற்கு முன்பே இளவயதில் 'பாயிண்ட் டு பாயிண்ட்' பந்தயம் வென்றவன். அது கிராமப்புறத்தில், பெரும்பாலும் மூன்று மைல் தூரத்துக்கு, பிர்ச் வேலிகளின் மேல் நடக்கும் ஓட்டம். ஆகவே 11 வயதில் அவன் புதிய பாடம் கற்கவில்லை. சிறுவயதில் கற்று மறந்த பாடத்துக்குத் திரும்பினான் என்பதே என் கருத்து.

வயதோடு ஒரு குதிரை முதலில் இழப்பது கடைசி இரண்டு ஹர்டில்களுக்கு நடுவே தேவைப்படும் வெடிப்பு வேகத்தைத்தான். மூச்சும் உறுதியும் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. ஹர்டில் ஓட்டம் அந்த வெடிப்பைக் கேட்கிறது. வேலி ஓட்டமோ சற்று நிதானமான வேகத்தில் போகிறது, ஒவ்வொரு வேலியிலும் சரியாகத் தாண்டுகிறவனுக்கு அரை நீளம் இனாமாகக் கிடைக்கிறது. வயதான ஃபாஹீன் வேகத்தில் இழந்ததைத் தாண்டலில் மீட்டான். 2019இலேயே அதைச் செய்ய முடிந்தவனால் 2016இல் என்னவெல்லாம் செய்திருக்க முடியும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

11 வயதுக் குதிரையை 'புதியவர்' பந்தயத்தில் ஓடவிடுவது நியாயமா?

விதிப்படி நியாயமே. பந்தயப் பருவம் தொடங்கும் முன் முறையான வேலிப் பந்தயம் எதிலும் வென்றிராத குதிரைதான் 'நாவிஸ்'. வயது கணக்கில் வராது.

ஹர்டிலில் பழகிய குதிரையை எப்படி வேலிக்குப் பயிற்றுவிப்பீர்கள்? (திருநெல்வேலியிலிருந்து, மாட்டுவண்டிப் பந்தயக் காளைகள் வளர்ப்பவர்)

காளை வளர்ப்பவருக்கு இது எளிதில் விளங்கும், ஏனென்றால் பொறுமைதான் இங்கேயும் முதல். ஆளை ஏற்றாமல், சுற்றுவேலி போட்ட மணல் களத்தில், தரையில் கிடக்கும் கட்டைகளைத் தாண்டவிடுவோம். பிறகு மரத்தடிகள், பிறகு முழங்கால் உயர வேலி. அவன் தானாகவே தூரத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் ஆள் ஏறுவதில்லை.

என் பொறுப்பில் ஒன்பது வயதுக் குதிரை ஒருவன் இருந்தான். ஆறு ஆண்டுகள் ஹர்டில் மட்டுமே ஓடியவன். முதல் நாள் முழு உயர வேலிக்கு அவனைக் கொண்டுபோனபோது, தட்டியை உரசுவதுபோலவே அதற்குள் புகுந்து போனான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பித்தேன். இறங்கி, அவன் நெஞ்சிலும் சேண வாரிலும் சிக்கியிருந்த பிர்ச் சுள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது அவன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று அதோடு விட்டுவிட்டோம். மறுநாள் காலை அதே வேலிக்கு மூன்று எட்டு தொலைவிலேயே அவன் காதுகள் முன்னால் நிமிர்ந்தன, இடுப்பு தாழ்ந்தது; ஒரு சுள்ளிகூட அசையாமல் எழும்பி இறங்கினான். காதுகள் பின்னால் மடிந்தே இருந்திருந்தால் அந்தக் குதிரையை நாங்கள் மேலே கொண்டுபோயிருக்க மாட்டோம். அவனுக்கு விருப்பம் இல்லாவிட்டால் பயிற்சியால் ஒன்றும் ஆகாது.

ஃபாஹீனுக்கு இதயக் கோளாறு இருந்ததாகப் படித்தேன். அதற்குப் பிறகும் ஓடவிட்டார்களா? (சேலத்திலிருந்து ஒரு செவிலியர்)

2019 ஏப்ரலில் இங்கிலாந்தின் எய்ன்ட்ரி திடலில் ஹர்டில் ஓட்டத்தின் நடுவே அவன் நிறுத்தப்பட்டான்; இதயத்தின் மேலறைகள் சீரற்றுத் துடித்தது பரிசோதனையில் தெரிந்தது. ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் குதிரையின் இதயம், முழுப் பாய்ச்சலில் 200ஐத் தாண்டும். அப்போது மேலறைகள் ஒழுங்கு தவறினால் தசைகளுக்குப் போதிய இரத்தம் போகாமல் திடீரென்று சோர்ந்துவிடும். பந்தயக் குதிரைகளுக்கு வரும் இந்தக் கோளாறு பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடுகிறது. சரியானது உறுதியான பிறகு ஓடுவதற்குத் தடை இல்லை. அன்று அவன் ஓய்வு பெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழு மாதம் கழித்துத்தான் அவன் பஞ்ச்ஸ்டவுனில் தன் முதல் முறையான வேலிப் பந்தயத்தை வென்றான்.

உங்களால் மறக்க முடியாத ஓட்டம் எது?

2020 பிப்ரவரி, லெப்பர்ட்ஸ்டவுன். அதற்கு முன் 2019 டிசம்பர் 26 அன்று லிமரிக்கில், பயிற்சியாளரின் மகன் பேட்ரிக் மல்லின்ஸ் சவாரியில், இளம் நட்சத்திரக் குதிரையான சாம்க்ரோவைத் தெளிவாகத் தோற்கடித்து, மிக உயர்ந்த தரமான முதல் நிலைப் பந்தயம் ஒன்றை வென்றிருந்தான். லெப்பர்ட்ஸ்டவுனுக்கு வரும்போது அவனுக்கு 12 வயது, ஏனென்றால் எங்கள் தொழிலில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். பால் டவுனெண்ட் அவன் மேல் இருந்தார். பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில், வயதில் மிக இளைய ஈசி கேம் என்ற குதிரை நெருங்கி வந்தபோது, இன்னும் நான்கு எட்டில் கிழவன் தளர்ந்துவிடுவான் என்று நினைத்து நான் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டேன். அவன் கழுத்தைத் தாழ்த்தி, தன்னைத் தாண்டவிடாமல், அரை நீளத்தில் வென்றான். வென்ற குதிரையின் சேணத்தை அவிழ்க்கும் இடத்துக்கு அவன் நடந்து வந்தபோது எழுந்த ஆரவாரத்தை, பெரும்பரிசுப் பந்தயங்களில்கூட நான் கேட்டதில்லை. பந்தயம் கட்டி வென்றவர்கள், தோற்றவர்கள், யாருமே வேறுபாடு பார்க்கவில்லை.

வயதான உயிரை இப்படி ஓடவிடுவது கொடுமை இல்லையா? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

இந்தக் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். 1974இல் சாம்பியன் ஹர்டில் வென்ற லன்சரோட்டே, வேலிக்கு மாறி, செல்ட்டன்ஹமின் உச்ச வேலிப் பந்தயமான கோல்ட் கப்பில் 1977இல் விழுந்து உயிரிழந்தான். 1971லும் 1972லும் சாம்பியன் ஹர்டில் வென்ற புலாவும் அதே 1977இல் செல்ட்டன்ஹமில் விழுந்து, பின்னர் அந்தக் காயத்தால் மறைந்தான். இருவரும் ஒரே லாயத்துக் குதிரைகள். அந்த லாயத்தில் அந்த வாரம் வேலை செய்தவர்களை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மறுபுறம், வேலிதான் ஆபத்து, ஹர்டில் பாதுகாப்பு என்பதும் சரியல்ல. முழுப் பாய்ச்சலில் முன்காலின் தசைநாண் அறுபடும் எல்லைக்கு அருகே இழுபடுகிறது. வயதாக ஆக அதன் நெகிழ்ச்சி குறைகிறது. ஹர்டிலின் அதிவேகம் அதற்கு ஒரு சுமை, வேலியிலிருந்து இறங்கும் வேகம் வேறொரு சுமை. முன்பிருந்ததைவிட இப்போது கவனம் கூடியிருக்கிறது என்பதும் உண்மை. எடுத்துக்காட்டாக, குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் புல்லின் பச்சையிலிருந்து சரியாகப் பிரிந்து தெரியாது என்பதால், பிரிட்டனில் தடைகளின் அடிக்கட்டைகளை ஆரஞ்சிலிருந்து வெள்ளைக்கு மாற்றினார்கள். ஆயினும் ஆபத்து இல்லாத வேலி கிடையாது. விருப்பமில்லாத குதிரையையும், முந்தைய காயம் ஆறாத குதிரையையும் அங்கே அனுப்புவது கொடுமைதான் என்று நான் நினைக்கிறேன்.

வேறு யாராவது இரண்டிலும் உச்சம் தொட்டிருக்கிறார்களா?

சாம்பியன் ஹர்டில், கோல்ட் கப் இரண்டையும் வென்ற ஒரே குதிரை டான் ரன் என்ற பெண் குதிரை. 1984, 1986 ஆண்டுகளில். பயிற்சியாளர் பேடி மல்லின்ஸ், மேலே சொன்ன வில்லியின் தந்தை. கோல்ட் கப் வென்ற சில மாதங்களில் அவள் பாரிஸின் ஓட்டே திடலில் இறந்தாள். அது வேலிப் பந்தயம் அல்ல, ஹர்டில் பந்தயம். 1976, 1977 ஆண்டுகளின் ஹர்டில் சாம்பியனான நைட் நர்ஸ், 1981இல் 10 வயதில் கோல்ட் கப்பில் இரண்டாவதாக வந்தான். 12 வயதில் கோல்ட் கப் வென்றவனும் உண்டு: 1969இல் வாட் எ மித்.

இனப்பெருக்கத்துக்கு அனுப்பினால் உரிமையாளருக்கு அதிக வருமானம் கிடைக்குமே?

அவன் காயடித்த குதிரை. தடை தாண்டும் ஆண் குதிரைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். 12 வயது வரை அவர்கள் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிண்டியில் இந்த வகைப் பந்தயத்தைப் பார்த்ததில்லையே?

கிண்டியில் நடந்தவை தடையில்லாத சமதள ஓட்டங்கள். சமதள ஓட்டத்தில் குதிரைகள் இரண்டு, மூன்று வயதிலேயே ஓடத் தொடங்கிவிடுவதால், 11 வயதுச் சாம்பியன் என்ற கருத்தே நம் ஊர் ரசிகருக்கு விந்தையாகத் தோன்றும்.

கடைசியில் செல்ட்டன்ஹமில் தோற்றுத்தானே போனான்? (புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

2020 மார்ச்சில் இரண்டரை மைல் புதியவர் வேலிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். லிமரிக்கில் அவனிடம் தோற்ற சாம்க்ரோ முதலிடம், ஃபாஹீனின் லாயத்துக் குதிரையான மெலன் மூக்கு நுனி வேறுபாட்டில் இரண்டாமிடம், அவர்களை ஒட்டியபடி ஃபாஹீன். சாம்க்ரோ, மெலன் இருவருக்கும் அப்போது எட்டு வயது. அதுவே அவனுடைய கடைசி ஓட்டம். லிமரிக்கில் அவன் வென்ற அந்த டிசம்பர் பந்தயம் இப்போது ஃபாஹீன் நாவிஸ் சேஸ் என்றே அவன் பெயரில் நடக்கிறது.