வாசகர் கேள்வி: மெட்டார்ல (ஏர்போர்ட் வானிலை ரிப்போர்ட்) 24/23னு இருந்தா என்ன அர்த்தம்?

கேள்வி: பைலட் ட்ரெயினிங்ல சேர்ந்திருக்கேன். விடியக்காலைல மெட்டார்ல 24/23னு பாத்துட்டு இன்ஸ்ட்ரக்டர், கொஞ்சம் பொறு, போகலாம்னுட்டாரு. வானம் பளிச்சுனு தான் சார் இருந்துச்சு!

பதில்: முதல் நம்பர் வெப்பநிலை, அடுத்தது டியூ பாயிண்ட், ரெண்டுமே செல்சியஸ்ல. காத்து எவ்ளோ குளிர்ந்தா அதுல இருக்கிற ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்குமோ அதான் டியூ பாயிண்ட். உங்களுக்கு இடைவெளி 1 டிகிரி தான், காத்தும் ரொம்ப அசையலன்னா இன்னும் கொஞ்சம் குளிர்ந்தா போதும், மூடுபனி கவிஞ்சு ரன்வேயே தெரியாம போயிடும், சூரியன் வந்தா சரியாயிடும்னு கிளம்பிடாதீங்க, சில நாள் உதிச்ச கொஞ்ச நேரத்துல தான் இன்னும் அடர்த்தியாகும். உங்க இன்ஸ்ட்ரக்டர் பண்ணது ரொம்ப சரி.

பகல்ல இதே இடைவெளிய வச்சு குமுலஸ் மேகத்தோட (பஞ்சுப் பொதி மாதிரி திரள்றது) அடிமட்டத்த தோராயமா கணக்கு போடலாம், ஒரு டிகிரிக்கு 400 அடி. 32/22ன்னா தரையில இருந்து சுமார் 4000 அடி. (எக்ஸாம்ல கண்டிப்பா கேப்பாங்க!)

அதே மெட்டார்ல பிஆர்னு (BR) இருந்தா மிஸ்ட், அதாவது லேசான பனிமூட்டம்; எஃப்ஜின்னா (FG) மூடுபனி, அதாவது பார்வை தூரம் 1000 மீட்டருக்கும் கம்மி.