பதில்: ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா?

வணக்கம் சகோதரி. ஆவடிப் பக்கம் குடிவந்திருக்கிறீர்கள், மகன் ஆறாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. ஒரே வளாகத்தில் தொடக்கப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் உள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா, எட்டாவது வரை தனியாரிலேயே ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மாற்றுவதென்றால் இந்த வருடமே மாற்றிவிடுங்கள். மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (தனியாரில் ஆர்.டி.இ., அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் எட்டு வரை படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு.) கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் ‘தமிழ்ப் புதல்வன்’ என்ற அரசுத் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் இவை கைவிட்டுப் போய்விடும், அதுதான் என் கவலை.

காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்பு வரைதான். மகளுக்குச் சுடச்சுடப் பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு கிடைக்கும். மகனுக்கு மதியச் சாப்பாடு மட்டும்.

அப்புறம், மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய பள்ளி எமிஸில் பெயரை விடுவித்துவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். என் அக்கா மகனுக்கு அதில்தான் இழுத்தடித்தது.