15 வயதில் கூடைப்பந்து தொடங்கிப் பெரிய ஆட்டக்காரர் ஆனவர் யாராவது உண்டா?

பையன் சாட்ஸ்வொர்த்தில் பள்ளி சாக்கர் அணியின் கோல்கீப்பர், வயது 15, கூடைப்பந்து மேல் ஆசை இப்போதுதான் வந்திருக்கிறது, காலம் கடந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். கடக்கவே இல்லை. ஹக்கீம் ஒலாஜுவானைப் பாருங்கள்.

1963இல் லாகோசில் பிறந்தவர். சிறுவயதில் ஆடியது ஹேண்ட்பாலும் சாக்கரும்தான். சாக்கரில் அவரும் கோல்கீப்பர். கூடைப்பந்துக்கு வந்ததே 15 வயதுவாக்கில். பிறகு ஹூஸ்டன் பல்கலைக்கழகம். கோடை விடுமுறைகளில் அப்போதைய பெரிய ஆட்டக்காரர் மோசஸ் மலோனோடு மோதி மோதித் தேறினார். என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1984 டிராஃப்டில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி முதல் ஆளாக எடுத்தது இவரை. மைக்கேல் ஜோர்டன் போனது மூன்றாவதாக. 1994, 1995 இரண்டு ஆண்டும் கோப்பை. அவர் செய்த 3,830 பிளாக் (எதிராளியின் ஷாட்டைக் கையால் தடுப்பது) இன்றும் என்பிஏ சாதனை.

கோல்கீப்பர் பழக்கம் எங்கே உதவியது என்பதற்கு 1994 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம் போதும். ராக்கெட்ஸ் 86–84 முன்னிலை. கடைசி நொடிகளில் நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளி ஷாட் எடுக்கிறார். விழுந்தால் கோப்பை அவர்களுக்கு. ஒலாஜுவான் எட்டிப் பாய்ந்து விரல்நுனியால் பந்தைத் தட்டிவிட்டார். ஏழாவது ஆட்டத்தையும் வென்றார்கள். 2015இல் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் ஆப்பிரிக்க அணிக்காக அவர் களமிறங்கியபோது வயது 52. கால் வேலை அப்போதும் அழகுதான்!

பையன் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கால் வேலையைத்தான், 'ட்ரீம் ஷேக்'. கூடைக்கு முதுகு காட்டி, பெயிண்ட் (கூடைக்கு முன்னால் கோடு போட்ட பகுதி) கோட்டுக்கு வெளியே நின்று பந்தை வாங்கட்டும். உள்ளே மூன்று நொடிக்கு மேல் நின்றால் மூன்று நொடி விதி கழுத்தைப் பிடிக்கும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி இறங்கினால் எந்தக் காலையும் பிவட்டாக, அதாவது ஊன்றிச் சுழலும் காலாக, வைக்கலாம். ஒரு பக்கம் தோளைச் சாய்த்து, தலையும் கண்ணும் அங்கேயே போகட்டும். காவலர் (தடுக்க நிற்கும் எதிரணி ஆட்டக்காரர்) எடையை அந்தப் பக்கம் மாற்றிய பிறகு எதிர்ப்பக்கம் சுழன்று ஷாட். அவர் ஏமாறாமல் கூடவே வந்தால், முழங்காலை நிமிர்த்தாமல் பந்தை மட்டும் உயர்த்திக் காட்டி, அவர் குதித்ததும் கைக்கு அடியில் புகுந்து போட வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். பாவனை மின்னல் மாதிரி முடிந்துவிட்டால் காவலருக்கு ஏமாறவே நேரம் இருக்காது. நின்ற இடத்திலேயே நிற்பார். இன்னொன்று டிராவலிங், பந்தோடு காலை விதிமீறி நகர்த்துவது. டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) தொடங்கும்போது பந்து கையை விடும் முன் பிவட் கால் கிளம்பக் கூடாது. ஷாட்டுக்குக் காலைத் தூக்கலாம், ஆனால் அது திரும்பத் தரையைத் தொடும் முன் பந்து போயிருக்க வேண்டும்.

கூடைப்பந்துத் திடல் கிடைக்காவிட்டால் பள்ளி நெட்பால் கம்பமே போதும். உயரம் அதே 3.05 மீட்டர், வளையம் மட்டும் 45 செ.மீ.க்குப் பதில் 38, பின்பலகையும் இருக்காது. அதனால் பந்து விழாததைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 7ஆம் எண் பந்து வாங்கிக் கொடுங்கள். பழகும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பந்தைப் பார்க்காமல் பிவட் காலை மட்டும் கவனித்து, அது நகர்ந்தால் உடனே நிறுத்தட்டும்.