தேக்கு உத்திரம், கிட்டார், இரைச்சல் – ஒரு கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்கு ஊர் வீரவநல்லூர். ஈசிஇ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவோடு கிட்டார் வாசிப்பேன், கோயில் கொடை சமயங்களில் கச்சேரிக்கும் போவதுண்டு. கையில் இருப்பது யாரோ வாசித்துத் தள்ளிய ஸ்ட்ராட் மாடல் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி) எலக்ட்ரிக் கிட்டார். ஆம்ப்பில் சொருகினால் ஒரே இரைச்சல், கம்பியைத் தொட்டால் குறைகிறது. கம்பிக்கு அடியில் இருக்கிற காந்தச் சுருளை, அதாவது பிக்அப்பை, மாற்று என்கிறார்கள். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் 42 கேஜ் கம்பி கிடைக்கிறது, அதை வாங்கி நானே பிக்அப் சுற்றலாமா? அப்பா தச்சு வேலை பார்க்கிறவர். இடித்த வீட்டுத் தேக்கு உத்திரம் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதில் ஒரு கிட்டார் செய்ய ஆசை. மகாகனி இல்லாமல் டோன் வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சத்தத்தைக் கரகரப்பாக்குகிற ஃபஸ் பெடலும் செய்யணும், ஆனால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் விலை கட்டுப்படியாகவில்லை. அப்பாவோ "இது சோறு போடுமாலே" என்கிறார். எதிலிருந்து ஆரம்பிக்க?

க.

அன்புள்ள தம்பி,

பிக்அப்பை மாற்ற வேண்டாம். கம்பியைத் தொட்டால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற உலோகப் பகுதிக்கு, போகிற எர்த் ஒயர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அறையில் உள்ள மின் இரைச்சலை உங்கள் உடம்பு ஆன்டெனாவாக நின்று வாங்கி, வயிற்றோடு ஒட்டியிருக்கிற கிட்டாரின் உள்ஒயர்களுக்குக் கொடுக்கிறது. கம்பியைத் தொட்டதும் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுவதால் சத்தம் அடங்குகிறது. தொட்டால் கூடுகிறது என்றால்தான் விஷயம் வேறு, அப்போது ஏதோ ஒரு எர்த் இணைப்பு விட்டுப்போயிருக்கும்.

இரைச்சலில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவது 'ம்ம்ம்' என்ற கனத்த முனகல், நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்தில் இருக்கிற ஸ்டெபிலைசர் போன்றவற்றின் காந்தப்புலம் பிக்அப் சுருளில் நேராக இறங்குவதால் வருகிறது. கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் ஏறக்குறைய காணாமல் போகும். இதைச் செம்புத் தகடு தடுக்காது. 1955இல் கிப்சன் என்ற கிட்டார் கம்பெனியில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் என்ற பிக்அப்பைச் செய்தது இந்த முனகலுக்காகத்தான். ஸ்ட்ராட் மாடல்கள் பலவற்றில் நடு பிக்அப்பை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள், அப்படி இருந்தால் பிக்அப்பை மாற்றுகிற சுவிட்சின் 2ஆம், 4ஆம் இடங்களில் முனகல் தானாகவே போய்விடும்.

இரண்டாவது 'ஸ்ர்ர்' என்று பிசிறடிக்கிற சத்தம். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், கரண்ட் போனால் ஓடுகிற இன்வெர்ட்டர் என்று நம் வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. கம்பியைத் தொட்டால் குறைவது இந்த வகைதான், இதற்கு ஷீல்டிங் போதும். கிட்டாரின் முகப்பில் இருக்கிற பிளாஸ்டிக் தகட்டை, அதாவது பிக்கார்டை, கழற்றி, மரத்தில் குடைந்திருக்கிற பள்ளம் முழுவதும் செம்பு டேப் ஒட்டி, துண்டுக்குத் துண்டு ஒரு பொட்டு ஈயம் வைத்து, கடைசியில் வால்யூம் பாட்டின் (திருகுகிற பொடென்ஷியோமீட்டர்) முதுகுக்கு ஒரு ஒயர் இழுங்கள். பிக்கார்டின் அடிப்பக்கமும் ஒட்டி, அது பள்ளத்தின் விளிம்பைத் தொடுகிற மாதிரி செய்ய வேண்டும். டேப் கிடைக்கவில்லை என்றால் சமையலுக்கு வருகிற அலுமினிய ஃபாயிலும் வேலை செய்யும், அதில் ஈயம் பிடிக்காது என்பதால் ஒயரை ஸ்க்ரூவும் வாஷரும் வைத்து இறுக்குங்கள். சால்டரிங் அயனை பாட்டின் முதுகில் வைக்கும் முன் அந்த இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஈயம் உருண்டு ஓடும், நீங்கள் அயனை அழுத்தி அழுத்தி உள்ளே இருக்கிற கார்பனைச் சுட்டுவிடுவீர்கள்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கொடைக்கு வாசிக்கப் போகிறவர் என்பதால் இதைக் கேட்டே ஆகணும். கிட்டாரின் கம்பி, கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கிறது. கோயில் பந்தலில் ஜெனரேட்டர் ஓடும், எர்த் குழி இருக்காது, ஸ்பைக் பஸ்டரின் மூன்றாவது பின் எதிலும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆம்ப் ஒரு லைனில், மைக் செட் வேறொரு லைனில் இருக்கும். கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் நீங்கள். 1972இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். கிட்டார் பையில் ஒரு மல்டிமீட்டர் எப்போதும் கிடக்கட்டும். ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். வாசிப்பதற்கு முன் ஒரு நிமிட வேலைதான். முள் அசைந்தால், யார் அவசரப்படுத்தினாலும், லைனைச் சரிசெய்யாமல் மைக்கிடம் போகாதீர்கள். பெடல் 9 வோல்ட், அதனால் ஆபத்து இல்லை. வால்வு ஆம்ப் கிடைத்தால் மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டன்சர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

பிக்அப் சுற்றுவது நல்ல வேலை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த 42 கேஜ் கம்பியை வாங்கிவிடாதீர்கள். கிட்டார்காரர்கள் 42 என்று சொல்வது அமெரிக்க கேஜ், கனம் சுமார் 0.063 மில்லிமீட்டர். நம்மூர்க் காயில் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் எஸ்டபிள்யூஜி. அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர், ஒன்றரை மடங்கு தடிமன். அதை வைத்துச் சுற்றினால் பாபினில் இடம் தீர்ந்துவிடும், சுற்று பாதிகூட வந்திருக்காது, சத்தம் சோனியாகக் கேட்கும். நீங்கள் கேட்க வேண்டியது 46 எஸ்டபிள்யூஜி. மோட்டார் கடையில் அவ்வளவு மெல்லியது பெரும்பாலும் இருக்காது, சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

ஸ்ட்ராட் பிக்அப்புக்குச் சுமார் 8,000 சுற்று, ஒரு கிலோமீட்டருக்கு மேல் கம்பி உள்ளே போகும், முடிந்ததும் மீட்டரில் 6 கிலோ ஓம் பக்கத்தில் காட்டணும். தையல் மெஷின் மோட்டாரில் பாபினைப் பொருத்தி, கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் ஓடவிட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும், தளர்த்தினால் சுருள் தொளதொளவென்று இருந்து ஆம்ப்பைக் கூட்டியதும் ஊளையிடும். பிறகு மெழுகில் முக்க வேண்டும். பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, அடுப்பில் நேரடியாக வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 65 டிகிரியில் உருக்குங்கள். காற்றுக்குமிழி வருவது நிற்கும்வரை உள்ளே கிடக்கட்டும். இதெல்லாம் இரண்டாம் கட்டம். இப்போது இருக்கிற பிக்அப்பை கம்பியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைத்து, ஸ்க்ரூவைக் கால் திருகு திருகி வாசித்துப் பாருங்கள். காசு செலவில்லாமல் டோன் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். ரொம்ப நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்து, தடித்த கம்பிகளில் சுரம் அலையும்.

ஃபஸ்ஸுக்கு ஜெர்மானியம்தான் வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடல் ஜெர்மானியத்தில்தான் தொடங்கியது, அதன் சத்தம் அருமையானது என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் கரண்ட் கசிவு, சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். லண்டன் குளிருக்குச் சரிப்பட்டது, சித்திரை மாதம் தகரப் பந்தலுக்குக் கீழே போகஸ் லைட் முன்னால் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். மாலையில் நன்றாக இருந்த பெடல் நடுக்கச்சேரியில் தொண்டை கட்டிக்கொள்ளும். அதோடு பழைய ஜெர்மானியம் சர்க்யூட் பாசிட்டிவ் எர்த், மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் போட முடியாது. ஃபஸ் ஃபேஸைச் செய்த கம்பெனியே சில வருடங்களில் சிலிக்கானுக்கு மாறியது. ஜங்ஷன் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பிசி 547 சிலிக்கான் டிரான்சிஸ்டர் போதும். பெருக்கம் குறைவான 'ஏ' ரகமாகக் கேளுங்கள், 'சி' ரகம் கத்தும்.

இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர், இரண்டு பாட், அவ்வளவுதான் சர்க்யூட். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் இருக்கிற 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக 20 கிலோ ஓம் டிரிம்பாட் (ஸ்க்ரூடிரைவரால் திருகுகிற சின்ன பாட்) போட்டு, கலெக்டரில் 4.5 வோல்ட் வருகிறவரை திருகுங்கள். கிட்டாரை மாட்டி வாசித்துக்கொண்டே அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் சுரம் கிழிந்து அறுபடும், இன்னொரு பக்கம் மந்தமாகும், நடுவில் ஒரு இடத்தில் சுரம் நீண்டு நின்று, கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் சுத்தமாகத் தெளியும். நாலு வருஷம் காலேஜில் பயாஸிங் என்று படித்தீர்களே, அதைக் காதால் கேட்கிற இடம் இதுதான்.

சிலிக்கான் ஃபஸ்ஸில் மத்திய அலை ரேடியோ உள்ளே நுழைவதுண்டு, அப்படி வந்தால் முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் 100 பிகோ ஃபாரட் வையுங்கள். பெட்டி உலோகமாகத்தான் இருக்கணும். சுவரில் சுவிட்ச் போர்டுக்குப் பதிக்கிற இரும்புப் பெட்டி நல்ல தேர்வு. எவர்சில்வர் சம்படமும் ஆகும், துளை போடுவதுதான் பாடு. அடாப்டரில் கவனம்: பெடல்களுக்கு நடுப் பின் நெகட்டிவ், கடையில் கிடைக்கிற பெரும்பாலான அடாப்டர்களில் நடுப் பின் பாசிட்டிவ். உள்ளே ஒரு 1என் 4007 டையோடு போட்டுவிட்டால் மாற்றிச் சொருகினாலும் டிரான்சிஸ்டர் பிழைக்கும்.

இனி மரம். தேக்கு தாராளமாக ஆகும். எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்அப் பார்ப்பது இரும்புக் கம்பியின் அசைவை. அகௌஸ்டிக் கிட்டாரிலும் வீணையிலும் மரம்தான் சத்தத்தை வெளியே தள்ளுகிறது, அங்கே பலாவா வேறு மரமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. இங்கே மரம் உறுதியாக, காய்ந்ததாக, வளையாததாக இருந்தால் என் காதுக்குப் போதும். பல வருடம் கூரையைத் தாங்கிய உத்திரத்தைவிடக் காய்ந்த மரம் இன்று எந்த டிப்போவிலும் கிடைக்காது. கனம் கூடுதல்தான், உள்ளே குடைந்து குறைக்கலாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, இரண்டு பலகையை ஒட்டும் முன் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை போடுங்கள். பழைய ஆணி ஏதாவது உள்ளே முறிந்து கிடக்கும், காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு இழைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அப்பாவின் இழைப்புளி உளி போய்விடும்.

டோன் மரத்தில் இருக்கிறதா என்று மண்டையை உடைப்பதைவிட்டு அளவில் உட்காருங்கள். ஃபெண்டர் அளவுக்கு நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். அதை 17.817ஆல் வகுத்தால் 36.37, நட்டிலிருந்து அந்தத் தூரத்தில் முதல் ஃப்ரெட், அதாவது நெக்கில் குறுக்கே பதிக்கிற உலோகக் கட்டை. மீதியை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்தது, 12ஆவது சரியாகப் பாதியில், 324இல் வரும். ஒவ்வொன்றையும் முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்து குறிக்காதீர்கள், பிசகு சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்கணும். அரை மில்லிமீட்டர் தப்பு முதல் ஃப்ரெட்டில் காதுக்குத் தெரியாது, 20ஆவது ஃப்ரெட்டில் அதே தப்பு மூன்று மடங்காகிவிடும். தடித்த கம்பிக்குப் பிரிட்ஜை மூன்று நான்கு மில்லிமீட்டர் பின்னால் தள்ள வேண்டியிருக்கும், அதற்கு இடம் விட்டுத்தான் துளை போடணும்.

அப்பாவுக்கு நூல் கணக்கு பழக்கமாயிருக்கும், ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். உடலின் கனம் ஒன்றே முக்கால் இன்ச், அதாவது ஒரு இன்ச் ஆறு நூல், அங்கே அவர் கணக்கே போதும். ஃப்ரெட் வேலைக்கு ஒரு நூலே மூன்று மில்லிமீட்டருக்கு மேல், அதனால் ஒரு வெர்னியரை வாங்கி அவர் கையில் கொடுங்கள். முதல் கிட்டாருக்கு நெக்கை மட்டும் ரெடிமேடாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கும், அதைத் தாங்குகிற நெக்கும் அதற்குள் போகிற இரும்பு டிரஸ் ராடும் இரண்டாவது கிட்டாருக்கு இருக்கட்டும். இப்போது முக்கியமான இடம் நெக் உட்காரும் பள்ளம். நட்டிலிருந்து பிரிட்ஜுக்கு இரு ஓரமும் நூல் கட்டி, அது ஃப்ரெட்போர்டின் விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு விலகி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே நெக்குக்கு ஸ்க்ரூ போடணும். வாசல் நிலையைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்துகிற மனிதருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சோறு போடுமா என்று கேட்கிறாரே, நியாயமான கேள்விதான். கிட்டார் செய்து விற்பது உடனே சோறு போடாது, அதை அவரிடம் மறைக்காதீர்கள். ஆனால் பாளையங்கோட்டை சர்ச்சுகளிலும் நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களிலும் எத்தனை கிட்டார் இருக்கிறது! ஃப்ரெட் தேய்ந்தாலும் ஜாக் கழன்றாலும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மூலையில் சாத்திவைத்திருக்கிறார்கள். மரமும் ஈயமும் இரண்டும் தெரிந்த ஒரு வீடு வீரவநல்லூரில் இருக்கிறது என்று தெரிந்தால் வருவார்கள். பேசிப் புரியவைக்க முயலாமல் அந்த உத்திரத்தையும் நெக்கையும் அவர் முன்னால் வைத்து, இந்தப் பள்ளத்தை மயிரிழை இடைவெளி இல்லாமல் எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள்.

முதலில் ஷீல்டிங், அப்புறம் ஃபஸ், அப்புறம் உத்திரம். ஃபஸ்ஸில் டிரிம்பாட் எத்தனை வோல்ட்டில் நின்றது என்று எழுதுங்கள், ஏப்ரல் வெயிலில் ஒருமுறை அளந்து அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.